மூன்று விரல் நுழைந்துவிட்டது! தாடை மூட்டு வலியும் என் நூல் கடிக்கும் பழக்கமும்

எல்லோருக்கும் வணக்கம். இன்று தையல் பாடம் இல்லை, ரவிக்கை, கழுத்து டிசைன் எதுவும் இல்லை, ஏனென்றால் காலையில் பல் தேய்த்துவிட்டு வழக்கம்போலக் கண்ணாடி முன்னால் நின்று விரல் வைத்துப் பார்த்தேன், மூன்று விரல் நுழைந்துவிட்டது! ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், மூன்றையும் அடுக்கி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நிறுத்தினேன், இடிக்கவே இல்லை. ஏழு வாரத்துக்கு முன்னால் தாடை பூட்டிக்கொண்டு ஒன்றரை விரல்தான் போகும். இதோ காமிரா பக்கம் வருகிறேன், பாருங்கள். வலியும் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

தீபாவளி ஆர்டர் சமயத்து வீடியோக்களில் நான் இடது கன்னத்தில் கை வைத்துக்கொண்டே பேசியதைக் கவனித்து நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். அப்போது எனக்கே தெரியாது. காதுவலி என்று நினைத்தேன். காதுக்குள் ஊசி ஏற்றுகிற மாதிரி இருக்கும், நெற்றிப் பொட்டு வரைக்கும் இழுக்கும். காது பார்க்கும் மருத்துவர் ஒருவர் லைட் அடித்துப் பார்த்து, காது சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். சுத்தமாக இருக்கிற காதுக்கு எதற்குச் சொட்டு மருந்து? மூன்று வாரம், இரண்டு பாட்டில். அப்புறம் ஒரு இடத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் பல் வரிசை சரியில்லை, நான்கு பல்லை ராவிவிட்டால் கடி சமமாகும் என்றார்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ராவிய பல் திரும்ப வளருமா? துணியை வெட்டுவதற்கு முன்னால் இரண்டு தடவை அளக்கச் சொல்லி உங்களுக்குச் சொல்கிறவள் நான், பல்லுக்கு மட்டும் சும்மா விட்டுவிடுவேனா, எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியாகப் போன பல் மருத்துவர் அம்மா மருந்துச் சீட்டை எடுக்கவே இல்லை. இரண்டு காதுக்கும் முன்னால் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். நீங்களும் வைத்துப் பாருங்கள், உள்ளே ஒரு குமிழ் நகருவது தெரியும். அதுதான் தாடை மூட்டு, டி.எம்.ஜே. என்பார்கள். முதலில் கதவுக் கீல் மாதிரி சுழலும், வாயை இன்னும் திறந்தால் மேஜை இழுப்பறை மாதிரி முன்னால் வழுக்கி வரும். நடுவில் ஒரு சின்ன ஜவ்வுத் தட்டு உண்டு. அது இடம் விலகி, திரும்ப ஏறும்போதுதான் 'டக்' சத்தம். அடி நூல் பாபின் கேஸ் சரியாக உட்காராத தையல் மிஷின் டக் டக் என்று ஓடுமே, அதே மாதிரி. தட்டு திரும்ப ஏறாமல் நின்றுவிட்டால் வாய் பாதியில் பூட்டிக்கொள்ளும், எனக்கு ஆனது அதுதான். சத்தம் மட்டும் வருகிறது, வலி இல்லை, நன்றாகத் திறக்கிறது என்றால் வைத்தியமே வேண்டாம் என்று அவர் சொன்னார், பயந்துவிடாதீர்கள். காதில் வலிப்பதற்கும் காரணம் இருக்கிறது. மூட்டுக்குப் போகிற நரம்பின் கிளைதான் காதுக்கும் போகிறது.

சரி, எனக்கு ஏன் வந்தது? அவர் கேட்ட ஒரே கேள்வி, "இப்போது உங்கள் பல் எங்கே இருக்கிறது?" யோசித்தேன். மேலும் கீழும் இறுக்கிக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான் பல் தொட வேண்டுமாம். மற்ற நேரமெல்லாம் உதடு மூடி, பல் விலகி, நாக்கு நுனி மேலண்ணத்தில். நான் ஹெம்மிங் போடும்போது, கொக்கி வைக்கும்போது, எல்லாம் கடிதான். அதோடு நூலைப் பல்லால் அறுக்கிற பழக்கம், அது உங்களுக்கே தெரியும், பட்டுப் பாவாடை வீடியோவில் ஒரு அண்ணன் "கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கிறதே" என்று எழுதியிருந்தார். அவருக்கு நன்றி. இப்போது மிஷின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லை விலக்க வேண்டும்.

நூல் கட்டர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 60 ரூபாய் சொன்னார்கள். அதே கட்டர், அதே மஞ்சள் பிடி, நான்கு கடை தள்ளி 25 ரூபாய்! 35 ரூபாய் வித்தியாசம்! நான்கு வாங்கி வந்தேன், ஒன்று கயிறு கட்டிக் கழுத்தில், ஒன்று மிஷினில், ஒன்று இஸ்திரி மேஜையில், ஒன்று அம்மாவுக்கு. அவர்களும் பூ கட்டும் நாரைப் பல்லால்தான் கிழிப்பார்கள்.

நைட் கார்டு, அதாவது இரவில் பல் மேல் மாட்டிக்கொள்ளும் உறை, போட்டீர்களா என்று கேட்பீர்கள். போட்டேன், 4,200 ரூபாய், அதை வைக்கிற டப்பாவுக்குத் தனியாக 120. ஆனால் அது வலியைப் போக்கும் என்று நம்பி வாங்காதீர்கள் என்று அந்தப் பல் மருத்துவரே முதலில் சொல்லிவிட்டார், தூக்கத்தில் நறநறவென்று கடிப்பதால் பல் தேயாமல் காக்கத்தான். வீட்டுக்கு வந்து தேடினேன், 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதலும் நாள்பட்ட வலிக்குத் தாடைப் பயிற்சி, கையால் தசையைத் தளர்த்துவது, மனப்பயிற்சி இவற்றைத்தான் முன்னால் வைக்கிறது.

நான் செய்தது இவ்வளவுதான். நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒட்டி, நாக்கு விலகாத அளவுக்கு மெதுவாகத் திறந்து மூடுவது, ஆறு தடவை, ஒரு நாளைக்கு ஆறு வேளை. காலையும் இரவும் கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம், பத்து நிமிடம். கொட்டாவி வந்தால் தாடைக்கு அடியில் கை கொடுத்துப் பிடிப்பது. சொல்ல மறந்துவிட்டேன், குப்புறப் படுப்பதையும் விட்டேன், அதுதான் ரொம்பக் கஷ்டம். சாப்பாட்டில் முறுக்கு, சீடை, பரோட்டா, சூயிங்கம் கிடையாது. எனக்குக் கஞ்சி பிடிக்கவே பிடிக்காது, அதனால் இட்லி, குழைந்த பருப்பு சாதம், மசித்த கீரை என்று ஓட்டினேன். முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை, அழுகையாக வந்தது. மூன்றாம் வாரம் இரண்டு விரல்.

சுளுக்கு எடுப்பவரிடம் போய் ஒரே இழுப்பில் சரிசெய்யச் சொல்லி மூன்று அக்காமார் எழுதியிருந்தீர்கள், அன்பு புரிகிறது, தயவுசெய்து போகாதீர்கள்.

ஐயோ, முக்கியமானதை விட்டேன். தாடை வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, கை வலி, மூச்சுத் திணறல் வந்தால் அது இதயமாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு மெல்லும்போது தாடை வலித்து, புதிதாகத் தலைவலியும் வந்து பார்வை மங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீக்கம், காய்ச்சல் இருந்தாலும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

அம்மா வாழைக்காய் பஜ்ஜி போடுகிறார்கள், வாசனை வருகிறது. ஏழு வாரமாகத் தொடவில்லை. இரண்டாக வெட்டித்தான் சாப்பிடப் போகிறேன். பொங்கல் ரவிக்கை அளவு கேட்டவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை வீடியோ வரும்.