தலைகீழாய் ஒரு ரோமக் கல்: எஸ்கம் தேவாலயத்தை வரைந்து பார்ப்போம்

[திரையில்: வடக்குச் சுவரில் ஒரு கல், மிக அருகில்]

இந்தக் கல்லில் மூன்று இலத்தீன் எழுத்துகள், பக்கத்தில் ஒரு ரோம எண். எல்லாமே தலைகீழ். படத்தைத் திருப்புகிறேன், இப்போது படியுங்கள்: 'லெக் 6'. ரோமப் படையின் ஆறாம் லீஜியன், அதாவது ஆறாம் பெரும் படைப்பிரிவு. ஆனால் இந்தச் சுவரை எழுப்பியவர்கள் ரோமர்கள் இல்லை.

[திரையில்: தேவாலயம் முழுவதும், பென்சில் கோட்டில்]

வட இங்கிலாந்து, டர்ஹம் மாவட்டம், எஸ்கம் கிராமம். தேவாலயம் எழுந்தது 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ரோம ஆட்சி பிரிட்டனை விட்டு நீங்கி அதற்குள் 250 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சில கிலோமீட்டர் தள்ளி, பின்செஸ்டரில், ரோமர்களுடைய கோட்டை இருந்தது. ரோமர்களுக்குப் பின் இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்களின் கொத்தனார்கள் அதன் கற்களை எடுத்துவந்து இந்த ஆலயத்தைக் கட்டினார்கள்.

இதை வரைய உட்கார்ந்தால் முதலில் கை தடுமாறுவது அளவில்தான். நடுக்கூடம் ஒடுக்கமானது, நீளம், அகலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சுவர்களோ நெடுநெடுவென்று உயரம். கண் பழக்கத்தில் எல்லோரும் அகலமாகவே வரைந்துவிடுவோம். அதனால் பென்சிலை நீட்டிப் பிடித்து அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

சாக்சன் காலத்துச் சன்னல்கள் சின்னவை, வெகு உயரத்தில் இருப்பவை. உட்புறம் விரிந்துகொண்டே வருவதால், உள்ளே வரும் கொஞ்ச வெளிச்சமும் நன்றாகப் பரவுகிறது. கீழே இருக்கும் கூர்வளைவுச் சன்னல்கள் பிற்காலத்தவை. இரண்டையும் ஒரே அழுத்தத்தில் வரைந்தால் கட்டடத்தின் வயது கலைந்துவிடும்.

பீடத்துக்கு முன்னுள்ள உயர்ந்த, ஒடுங்கிய வளைவும் கோட்டையில் இருந்து பிரித்து இங்கே மறுபடி அடுக்கப்பட்டதாகவே கருதப்படுகிறது. தெற்குச் சுவரில் ஒரு சூரியக் கடிகாரம். அதன் மேல் வளைந்து கிடக்கும் பாம்பு. நான் அதிக நேரம் நின்று வரையச் சொல்வது இங்கேதான். எண்கள் கிடையாது, சில கோடுகள் மட்டுமே: அவை வழிபாட்டு வேளைகளைக் காட்டியவை.

[திரையில்: ஹெக்சம் நிலவறைப் படிக்கட்டு]

ரோமக் கற்களால் எழுந்தது எஸ்கம் மட்டும் அல்ல. வடக்கே, நார்தம்பர்லாந்தின் ஹெக்சமில், ஆயர் வில்ஃப்ரிட் 674 வாக்கில் ஒரு மடாலயம் நிறுவினார். அதன் நிலவறை இன்றும் இருக்கிறது. அதன் கற்கள் கார்பிரிட்ஜ் பகுதி ரோமக் கட்டடங்களில் இருந்து வந்தவை. ஒரு கல்லில் பேரரசர் செவெரஸ், அவருடைய மகன்கள் கரகல்லா, கெட்டா ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 211-ல் கரகல்லா தம்பியைக் கொல்லவைத்தான். பேரரசு முழுவதும் கெட்டாவின் பெயரை அழிக்க உத்தரவு போனது. பிரிட்டனின் வடகோடிக்கும் அது எட்டியதற்கு இந்தக் கல்லே சாட்சி. பெயர் இருந்த இடம் கொத்தி எடுக்கப்பட்டிருக்கிறது.

இதை வரைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இடத்தில் கெட்டாவின் பெயரை ஊகித்து எழுதாதீர்கள், வெறுமையாகவும் விடாதீர்கள். உளி கொத்திய தடங்களை ஒவ்வொன்றாக, அவை போகும் திசையிலேயே வரையுங்கள்.