கொடுத்த பாடமும் கொடுக்காத அனுமதியும்

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் பாடங்கள் இலவசமாகக் கிடைப்பது இன்று யாருக்கும் புதுச் செய்தி அல்ல. ஆனால் அப்படிக் கிடைத்த பாடத்தை ஓர் ஆசிரியர் வெட்டிச் சுருக்கலாமா, தமிழாக்கலாமா, நகலெடுத்துத் தன் வகுப்புக்குக் கொடுக்கலாமா? நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு பழைய கதை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, இணையவழிப் பாடங்களை விற்றுக் காசு பார்க்கத் திட்டமிட்டுக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றான மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் (எம்.ஐ.டி.) இதை ஆராய ஒரு குழு அமைத்தது. கூட்டிக் கழித்துப் பார்த்த குழு, இதில் பெரிய லாபம் வராது, பேசாமல் உலகத்துக்கே கொடுத்துவிடலாம் என்றது. 2001 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது; மறு ஆண்டே 50 பாடங்கள் வலையேறின. தர்ம சிந்தனையோடு கொஞ்சம் வியாபாரக் கணக்கும் இதில் சேர்ந்திருந்தது. அதனால் என்ன, நடந்தது நல்ல காரியம்.

நம் நாட்டில் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் பணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுதுகிறார்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் பெயர் பழக்கமானதுதான்.

அந்த அளவுக்குப் பேசப்படாத ஒன்று, மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல். கணினி மென்பொருள்களைக் கற்றுத்தரும், ஏறக்குறைய பத்து நிமிடக் காணொலிப் பாடங்கள். பேராசிரியரின் முகம் தெரியாது. கணினித் திரையும் ஒரு குரலும் மட்டுமே. மாணவர் தன் திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறு பாதியில் மென்பொருளையும் திறந்து வைத்துக்கொண்டு, அங்கே நடப்பதை இங்கே செய்து பார்க்கிறார். ஒலிப்பதிவுக்கு முன்பே பேச்சு முழுவதும் எழுதப்படுகிறது: திரையில் தெரிவது ஒரு நெடுவரிசையில், பேசுவது அடுத்த நெடுவரிசையில். அதை அந்த மென்பொருளே அறியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திருத்தம். தமிழ்ப் பதிப்பில் குரல் மட்டும் தமிழ், திரை ஆங்கிலம். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் அந்த மாணவர் பார்க்கப்போவது ஆங்கிலத் திரையைத்தானே! இணைய வசதி இல்லாத கணினிக் கூடத்திலும் பதிவிறக்கி வைத்து ஓட்டலாம். பிறர் பயன்படுத்த ஆக்கியவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவருவதால், ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிடும் வரை, யாரும் மாற்றலாம், பகிரலாம். யாரிடமும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறானது, மத்திய அரசின் கல்வி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பள்ளிப் பாடநூல். இணையத்தில் காசில்லாமல் பதிவிறக்கிப் படிக்கலாம். ஆனால் முன் அனுமதியின்றி மறுபதிப்புச் செய்யக் கூடாது என்று நூலிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பொதுப் பணத்தில் உருவான நூலுக்கு இந்தக் கட்டு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. திருட்டுப் பதிப்புகளைத் தடுக்க என்பார்கள். அதற்காக, பத்துப் பக்கத்தை எளிமையாக்கித் தன் மாணவர்களுக்கு அச்சிட்டுக் கொடுக்க நினைக்கும் ஆசிரியரும் தயங்கி நிற்க வேண்டுமா?

தமிழில் இன்னொரு பூட்டும் உண்டு. அதை எந்தச் சட்டமும் போடவில்லை, நாமே போட்டுக்கொண்டோம். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, பி.டி.எஃப். ஆக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாடக்குறிப்புகளைச் சொல்கிறேன். ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குப்பைதான் வந்து விழும். தேடினால் கிடைக்காது. பார்வையற்ற மாணவரின் கணினியால் அதை வாசித்துக் காட்ட முடியாது. பக்கங்களைப் படம்பிடித்து அனுப்பினாலும் இதே கதிதான். எத்தனையோ ஆசிரியர்கள் இரவு விழித்துத் தயாரித்த நல்ல குறிப்புகள் இப்படித்தான் முடங்கிக் கிடக்கின்றன.

ஆகவே, இந்தப் பருவத்துக்குக் குறிப்புகள் தயாரிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள். பி.டி.எஃப். கோப்போடு, திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் பக்கத்தின் அடியில் உங்கள் பெயரையும், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். பிற நூல்களிலிருந்து எடுத்த படங்கள் இருந்தால், அவற்றை மட்டும் முன்னதாக நீக்கிவிடுங்கள்; அவற்றுக்கு அனுமதி கொடுக்கும் உரிமை நம்மிடம் இல்லை.

நன்றி, வணக்கம்.