மூலையை விடாதீர்கள்: 2048 என்னும் எண் விளையாட்டு

வணக்கம், நேயர்களே. பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே நான்கு, நெடுக்கே நான்கு என்று பதினாறு கட்டம் போடுங்கள். போனிலும் கணினியிலும் ஆடும், இன்று பேசப்போகும் 2048 விளையாட்டின் ஆடுகளம் அவ்வளவுதான். வானொலியில் படம் காட்ட முடியாது என்பதால் தாள்தான் நமக்குத் திரை.

ஆட்டம் தொடங்கும்போது எங்காவது இரண்டு கட்டங்களில் சில்லு இருக்கும். பெரும்பாலும் இரண்டிலும் 2 என்ற எண். விரலால் இடது, வலது, மேல், கீழ் என்று நான்கில் ஒரு பக்கம் தள்ளலாம். தள்ளினால் எல்லாச் சில்லும் அந்தப் பக்கம் ஓடி, சுவரிலோ முன்னால் நிற்கும் சில்லிலோ முட்டி நிற்கும். முட்டிய இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் ஒன்றாகிவிடும்: 2-ம் 2-ம் சேர்ந்து 4, 4-ம் 4-ம் சேர்ந்து 8. இப்படியே வளர்த்து 2048 என்ற சில்லை எட்டுவதுதான் இலக்கு. ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் காலியாக உள்ள ஏதோ ஒரு கட்டத்தில் புதுச் சில்லு ஒன்று முளைக்கும். பத்தில் ஒன்பது தடவை அது 2, ஒரு தடவை 4. எதுவும் நகராத பக்கம் தள்ளினால் அது ஆட்டக் கணக்கில் வராது, புதுச் சில்லும் வராது. பதினாறு கட்டமும் நிறைந்து, ஒட்டி நிற்பவற்றில் ஒரே எண் ஒரு ஜோடிகூட இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது.

சட்டம் இவ்வளவுதான். ஆனாலும் புதிதாக ஆடுபவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு தள்ளலில் ஒரு சில்லு ஒரு தடவைதான் சேரும். ஒரே வரிசையில் 2, 2, 2, 2 என்று நான்கு நின்றால், தள்ளியதும் 8 கிடைக்காது; 4, 4 என்று இரண்டு கிடைக்கும். அடுத்த தள்ளலில்தான் 8. மூன்று 2 நின்றால் எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கச் சுவரை ஒட்டிய இரண்டும் சேரும், மூன்றாவது தனியே நிற்கும். இடம் நெருக்கடியான நேரத்தில் எந்த ஜோடி முதலில் சேரும் என்பதுதான் பிழைப்பதா சாவதா என்பதைத் தீர்மானிக்கும்.

இதை எழுதியவர் இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேலே சிருல்லி. அப்போது அவருக்கு 19 வயது. 2014 மார்ச் மாதம், ஒரு வார இறுதியில், ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டார். நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார். ஒரு வாரத்துக்குள் நாற்பது லட்சம் பேர் அந்தப் பக்கத்துக்கு வந்துபோனார்கள். ஆனால் யோசனை முழுக்க அவருடையது அல்ல. அதற்கு முந்தைய மாதம்தான் த்ரீஸ் என்ற விளையாட்டு ஐபோனில் வந்திருந்தது. ஆஷர் வோல்மரும் கிரெக் வோல்வென்டும் ஓராண்டுக்கு மேல் இழைத்து இழைத்துச் செய்தது அது. அதைப் பார்த்து 1024 என்று ஒன்று வந்தது, அதன் வழியில் 2048. ஓராண்டு உழைப்பை ஒரு வார இறுதி முந்திக்கொண்டு போனது என்ற வருத்தம் த்ரீஸ்காரர்களுக்கு இருந்தது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆட்டத்தின் ஆழம் என்று பார்த்தால் த்ரீஸ்தான் மேல்: அதில் சில்லுகள் ஒரு கட்டம் மட்டுமே நகரும், ஒவ்வொரு அடியையும் எண்ணி வைக்க வேண்டும். 2048-ல் சில்லு சுவர்வரை வழுக்கிக்கொண்டு போகும். யோசிக்காமல் தள்ளினாலும் கொஞ்ச நேரத்துக்கு ஏதோ நடக்கும், எண் வளரும், கைக்கு ருசி பழகிவிடும். அது பரவியதற்குக் காரணம் இந்தத் தாராளம்தான் என்பது என் கணிப்பு.

திருவிழாக் கடைகளில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் விற்பார்களே, 1 முதல் 15 வரை எண் போட்டு, ஒரு கட்டம் மட்டும் காலியாக விட்டு? அதுவும் எண் நகர்த்தும் புதிர்தான். 1880-ல் அமெரிக்காவையே பைத்தியமாக அடித்த பொருள் அது. அதில் கலைந்ததை அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. 2048-ல் நாம் அடுக்க அடுக்க ஆட்டம் ஒவ்வொரு சில்லாகக் கொண்டுவந்து கொட்டுகிறது.

சரி, பிடி எங்கே இருக்கிறது? 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024, 2048. இது எல்லாருக்கும் பழகிய வரிசை. போன் கடையில் 64 ஜிபியா 128 ஜிபியா என்று கேட்பதும் இதே எண்களைத்தான். 2048-ஐ எட்ட 2-ஐப் பத்துமுறை இரட்டிக்க வேண்டும். பத்துதானே என்று தோன்றும். இப்போது தாளின் ஓரத்தில் கணக்குப் போடுவோம். ஒவ்வொரு தள்ளலிலும் பலகைக்குப் புதிதாக வருவது சராசரியாக 2.2. சேரும்போது மொத்தக் கூட்டுத்தொகை மாறாது. புதுச் சில்லு வரும்போதுதான் கூடும். ஆக 2048 வேண்டுமானால் சுமார் 930, 940 தள்ளல் வேண்டும். நொடிக்கு ஒன்று என்று ஆடினால் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

இதில் ஒரு குறும்பு இருக்கிறது. 1024 வந்ததும், ‘இன்னும் ஒரே ஒரு சேர்ப்புதான்’ என்று மனம் சொல்லும். கணக்கோ இப்போதுதான் பாதி வழி என்று சொல்லும். இன்னொரு 1024-ஐ அடியிலிருந்து கட்ட வேண்டும், அதுவும் குறைந்த இடத்தில். தோற்றவர் உடனே மறுபடி தொடங்குவது இதனால்தான்: ஒரு படி தூரத்தில் நழுவிவிட்டது என்றே அவருக்குத் தோன்றுகிறது.

இடம் எப்படிக் குறைகிறது என்பதையும் பாருங்கள். 2048 பிறப்பதற்குச் சற்று முன் பலகையில் 1024, 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, கடைசியில் இன்னொரு 2 நிற்கலாம். மொத்தம் பதினோரு கட்டம் போய்விட்டது. மிச்சம் ஐந்து. இந்த ஆட்டத்தில் லெவல் கிடையாது, கடிகாரம் கிடையாது, எதிரி கிடையாது. நாம் சேர்த்த சொத்தே நம்மை நெருக்குகிறது.

இனி ஆடும் முறை. ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கக் கீழ்மூலை என்று வைத்துக்கொள்வோம். பெரிய எண் எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும். அதனால் கீழும் இடதுமே உங்கள் அன்றாடத் தள்ளல். வலது என்பது கீழ்வரிசை நான்கு கட்டமும் நிறைந்து, பக்கத்துப் பக்கத்தில் ஒரே எண் இல்லாதபோது மட்டும். அப்போது கீழ்வரிசை பூட்டு போட்டதுபோல் அசையாது, மேலே உள்ளவை மட்டும் நகரும். கீழ்வரிசையில் ஓட்டை இருக்கும்போது வலது தள்ளினால் பெரிய எண் மூலையை விட்டுக் கிளம்பிவிடும், காலியான மூலையில் ஒரு 2 வந்து குந்திக்கொள்ளலாம். மேல்பக்கம் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள்.

கீழ்வரிசையில் இடமிருந்து வலமாக எண்கள் இறங்கிவர வேண்டும். அதற்கு மேல்வரிசை வலமிருந்து இடமாக இறங்க வேண்டும், பாம்பு வளைந்து திரும்புவதுபோல். தாளில் எழுதுங்கள். கீழ்வரிசை, இடமிருந்து: 512, 256, 128, 64. அதற்கு மேல்வரிசை, இதுவும் இடமிருந்து: 4, 8, 16, 32. அதற்கும் மேலே, இடது ஓரத்தில் ஒரே ஒரு 4. மற்றவை காலி.

இப்போது கீழே தள்ளுங்கள். ஓரத்து 4 கீழே உள்ள 4-உடன் சேர்ந்து 8. இரண்டாம் வரிசை 8, 8, 16, 32 ஆகிவிட்டது. கீழ்வரிசை பூட்டியிருக்கிறது, ஆகவே தைரியமாக வலது: இரண்டு 8-ம் 16 ஆகின்றன. மறுபடி வலது: இரண்டு 16-ம் 32. மறுபடி வலது: 64. அது சரியாகக் கீழ்வரிசை 64-ன் தலைக்கு மேல் நிற்கிறது. கீழே தள்ளினால் 128. இனி இடது: இரண்டு 128-ம் 256. இடது: 512. இடது: 1024, மூலையில். எட்டே தள்ளல். இடையில் முளைக்கும் சில்லுகள் எங்கே விழுந்தாலும் இந்தச் சங்கிலி அறுபடாது. அவை வரிசையின் வாலில்தான் வந்து ஒட்டும். பட்டாசுச் சரம்போல் இது கண்முன் வெடித்து ஓடும் அந்தச் சில நொடிக்காகத்தான் பலர் மீதி ஒன்பது நூறு தள்ளலையும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

கெடுவது எப்போது? கீழ் இரண்டு வரிசையும் நிரம்பி, எதுவும் சேராமல், மேலே தள்ளுவதைத் தவிர வேறு வழியே இல்லாத நிலை வரும். தள்ளித்தான் ஆக வேண்டும். எட்டுச் சில்லும் மேலே போய்விடும், கீழே எட்டுக் கட்டம் காலி. புதுச் சில்லு அந்த எட்டில் ஒன்றில் விழும். அவற்றில் இரண்டு கட்டங்கள் உங்கள் பெரிய எண் நிற்கும் பத்தியில் இருக்கின்றன. அதாவது நாலில் ஒரு பங்கு வாய்ப்பில், அடுத்துக் கீழே தள்ளும்போது அந்த 2 பெரிய எண்ணின் அடியில் மாட்டிக்கொள்ளும். மற்ற மூன்று பங்கில் மூலை தப்பித்துவிடும், ஆகவே பதறாமல் உடனே கீழே தள்ளிவிடுங்கள். மாட்டிக்கொண்டாலும் ஆட்டம் முடிந்துவிடவில்லை. பெரிய எண்ணைக் கொஞ்சம் பக்கத்தில் ஒதுக்கி, அடியில் கிடக்கும் 2-க்கு மேலிருந்து 2, 4, 8 என்று ஊட்டி வளர்த்து, பக்கத்து எண்ணுக்குச் சமமாக்கிச் சேர்த்துவிட வேண்டும். நேரம் பிடிக்கும். பெரும்பாலானோர் இங்கே பொறுமை இழந்து நான்கு பக்கமும் தள்ளி, ஐந்தே நிமிடத்தில் முடித்துக்கொள்வார்கள்.

இந்த நிலை வராமலிருக்க, இரண்டாம் வரிசையில் எப்போதும் ஒரு ஓட்டையோ சேரக்கூடிய ஒரு ஜோடியோ விட்டுவைக்க வேண்டும். கண்ணில் பட்ட ஜோடியை எல்லாம் உடனே சேர்த்துவிடுவது தொடக்கக்காரர் பழக்கம். தேர்ந்தவர்கள் ஒரு ஜோடியைக் கைச்செலவுக்கு வைத்திருப்பார்கள்.

இதே ஆட்டத்தை ஆட எழுதப்பட்ட கணினி நிரல்கள் 65536 வரைகூட எட்டியிருக்கின்றன. அவற்றில் பல எதைப் பார்த்து மதிப்பெண் போடுகின்றன தெரியுமா? எத்தனை கட்டம் காலி, எண்கள் ஒரே திசையில் இறங்குகின்றனவா, பெரிய எண் ஓரத்தில் இருக்கிறதா. நாம் மூலை, வரிசை, ஓட்டை என்று சொன்ன அதே மூன்றுதான்.  கண்ணை மூடிக்கொண்டு நான்கு பக்கமும் தள்ளினால் பெரும்பாலும் 64, 128 அளவிலேயே நின்றுவிடும்.

சில நடைமுறை விஷயங்கள். 2 வெளிர் நிறம், 8 ஆரஞ்சு, 64 சிவப்பு என்று முதல் பாதியில் எண்ணைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்தே ஆடலாம். 128 முதல் 2048 வரை எல்லாம் மஞ்சள் வகை. 256-ஐயும் 512-ஐயும் ஒன்றென நினைத்துத் தள்ளுவது அங்கேதான் நடக்கும். அங்கிருந்து எண்ணைப் படித்து ஆடுங்கள். அடுத்து, பல போன்களில் திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் அது ‘பின்செல்’ என்ற கட்டளையாகிவிடும், ஆட்டத்தை விட்டே வெளியே வந்துவிடுவீர்கள். நடுத்திரையில் தொடங்கிக் குட்டியாகத் தள்ளினால் போதும். நகல் செயலிகள் ஏராளம். விளம்பரம் பார்த்தால் ஒரு தள்ளலைத் திரும்பப் பெறலாம் என்று சில ஆசை காட்டும். திரும்பப் பெறும் வசதி முதலில் வந்த ஆட்டத்தில் கிடையாது. அதைப் பயன்படுத்தி எடுத்த 2048 வேறு கணக்கு.

2048 வந்ததும் ‘தொடரலாமா’ என்று ஆட்டம் கேட்கும். தொடரலாம். எதுவரை என்றால், பதினாறு கட்டத்தில் கோட்பாட்டளவில் உச்சம் 131072. அதற்குப் பலகை முழுக்க 65536 முதல் 4 வரை ஒழுங்காக இறங்கி நின்று, கடைசியாகக் காலியாக உள்ள ஒரே கட்டத்தில் இன்னொரு 4 விழ வேண்டும். அந்த 4 வருவது பத்தில் ஒரு தடவை. 2 விழுந்தால் பதினாறு கட்டமும் நிறைந்து, சேர எதுவுமில்லாமல், அங்கேயே முடிந்தது.

வணக்கம்.