ஏற்காடு ஏற 1.5 டீசல் போதுமா, 2.2 வேணுமா?

[திரையில்: ஏற்காடு அடிவாரம். கொண்டை ஊசி வளைவு பலகை. மேல போற ஒரு காரோட பின்பக்கம்.]

சேலத்துல டீசல் கார் பாக்கப் போறவங்க ஷோரூம்ல கேக்குற முதல் கேள்வி, "இது ஏற்காடு ஏறுமா?" ஏறும். இன்னைக்கு விக்கிற எந்த டீசல் காரும், 1.5 லிட்டர் எஞ்சினோ 2.2 லிட்டரோ, ஏறும். கேக்க வேண்டிய கேள்வி வேற. அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க, வளைவுல எதிர்ல பஸ் வருது, வேகம் 15 கிலோமீட்டருக்கு வந்துடுச்சு. அங்கிருந்து ரெண்டாவது கியர்லயே இந்த வண்டி இழுக்குமா, இல்ல முதல் கியருக்குப் போகணுமா?

இதுக்கான பதில் விளம்பரத்துல போடுற குதிரைத்திறன்ல கிடைக்காது. 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழ (ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு எஞ்சின் எத்தனை சுத்து சுத்துதுங்கிற கணக்கு) எஞ்சின் எவ்வளவு முறுக்குவிசை, அதாவது டார்க், குடுக்குதுங்கிறதுலதான் இருக்கு. சின்ன எஞ்சினுக்கும் பெரிய எஞ்சினுக்கும் உண்மையான வித்தியாசமே அங்கதான்.

[திரையில்: சேலம் – ஏற்காடு வரைபடம், உயரக் கோட்டோட.]

முதல்ல மலையைக் கணக்கு போட்டுப் பாப்போம். சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் உயரத்துல இருக்கு. ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல. நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு. சராசரி ஏற்றம் 100 மீட்டருக்கு 6 மீட்டர்னு வைங்க. ஆளுங்களோட சேத்து 1,750 கிலோ எடை உள்ள கார், 30 கிலோமீட்டர் வேகத்துல இந்த ஏற்றத்துல போக எவ்வளவு சக்தி வேணும்? சக்கரத்துல சுமார் 15 குதிரைத்திறன். அவ்வளவுதான்! 75 குதிரைத்திறன் உள்ள பழைய 1.3 டீசல்லகூட இதைப் போல அஞ்சு மடங்கு இருக்கு.

அதே கார் கோயமுத்தூர் பைபாஸ்ல, சமதளத்துல, 100 கிலோமீட்டர் வேகத்துல போக 23, 24 குதிரைத்திறன் வேணும். காத்தைக் கிழிச்சுட்டுப் போறதுக்கு மலை ஏறுறதைவிட அதிக சக்தி செலவாகுது. "மலைக்குப் பெரிய எஞ்சின்தான் வேணும், ஹைவேக்குச் சின்னது போதும்"னு பொதுவா சொல்றது, சக்தியை மட்டும் வெச்சுப் பாத்தா நேர் தலைகீழ்.

அப்புறம் ஏன் சில வண்டி மட்டும் வளைவுல திணறுது?

[திரையில்: டர்போவோட குறுக்குவெட்டுப் படம். பக்கத்துல ஆர்பிஎம் மீட்டர், முள் 1,000ல.]

டர்போ வேலை செய்ய எக்ஸாஸ்ட் புகையோட வேகம் வேணும். எஞ்சின் 1,000 ஆர்பிஎம்ல சுத்தும்போது அந்தப் புகை போதாது. டர்போ தூங்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல எஞ்சினுக்குக் கிடைக்கிறது அதோட சொந்தக் கொள்ளளவு உறிஞ்சுற காத்து மட்டும்தான். டர்போ உதவி இல்லாம ஒரு டீசல் எஞ்சின் லிட்டருக்குச் சுமார் 65லிருந்து 70 நியூட்டன் மீட்டர் குடுக்கும். 1.5 லிட்டருக்கு 100. 2.2 லிட்டருக்கு 150.

இப்ப வளைவுக்கு வாங்க. ரெண்டாவது கியர்ல 1,000 ஆர்பிஎம்னா பெரும்பாலான 1.5 மேனுவல் கார் 15 கிலோமீட்டர் வேகத்துல போகும். வளைவுல ஏற்றம் 12 சதவீதம்னு வெச்சா, 1,750 கிலோ வண்டிக்கு எஞ்சின்ல 14, 15 குதிரைத்திறன் தேவை. 1.5 எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர்ல, 1,000 ஆர்பிஎம்ல குடுக்கிறது சரியா 14. வேகம் எடுக்க மிச்சம் ஒண்ணுமில்ல. 2.2 அதே இடத்துல 21 குடுக்கும். மிச்சம் 6, 7 இருக்கு, அதை வெச்சு வண்டி மெல்ல வேகம் எடுக்கும், டர்போ முழிச்சுக்கும்.

மேல போகப் போக இன்னொண்ணு சேரும். ஏற்காடு உயரத்துல காத்தோட அடர்த்தி கீழ இருக்கிறதைவிட 11, 12 சதவீதம் கம்மி. டர்போ சுத்தும்போது அது இந்தக் குறையை ஈடு கட்டிடும். டர்போ தூங்கும்போது யாரு ஈடு கட்டுறது? அதனால ஒரே வண்டி ரெண்டாவது வளைவுல சமாளிச்சிட்டு, பதினெட்டாவது வளைவுல முக்கும்.

இடது பக்கம் திரும்புற வளைவுதான் கஷ்டம். நம்ம ஊர்ல இடது ஓரம் போறதால உள்வட்டத்துல ஏறணும், அங்க ஏற்றம் இன்னும் செங்குத்து. வலது வளைவுல வெளிவட்டம், ஏற்றம் கம்மி.

[திரையில்: ஒரே மாடல் தார் ரெண்டு, பக்கம் பக்கமா.]

இந்த வித்தியாசத்தை அப்படியே காட்டுற வண்டி மஹிந்திரா தார். ஒரே பாடியில ரெண்டு டீசல் வந்திருக்கு. 1,497 சிசி எஞ்சின் 117 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர். 2,184 சிசி எஞ்சின் 130 குதிரைத்திறன், அதுவும் 300 நியூட்டன் மீட்டர். காகிதத்துல டார்க் ஒண்ணேதான். ஆனா 1.5ல அந்த 300 வர்றது 1,750ல இருந்து 2,500 ஆர்பிஎம் வரைக்கும். 2.2ல 1,600ல இருந்து 2,800 வரைக்கும். முன்னாடியே ஆரம்பிக்குது, பின்னாடிதான் முடியுது. 1,600க்குக் கீழ என்ன ஆகுதுன்னு எந்த விளம்பரத் தாள்லயும் போட மாட்டாங்க. விற்பனையாளர் "ரெண்டும் ஒரே டார்க் சார்"னு சொன்னா, பொய் இல்ல, பாதி உண்மை.

சின்ன எஞ்சினை வளைவுல ஓட்டத் தெரிஞ்சா இந்தக் குறை பெரிசா தெரியாது. வளைவுக்கு 20 மீட்டர் முன்னாடியே முதல் கியருக்கோ ரெண்டாவதுக்கோ மாத்திடணும், வளைவு நடுவுல மாத்தக் கூடாது. ஆர்பிஎம்மை 1,800க்கு மேல வெச்சுக்கணும். வேகம் 15க்குக் கீழ போனா யோசிக்காம முதல் கியர். நிறைய பேர் செய்யற தப்பு, ரெண்டாவது கியர்லயே கிளட்ச்சைப் பாதி மிதிச்சு எஞ்சினைச் சுத்த விட்டு இழுக்கிறது. நாலு வளைவுல கிளட்ச் பிளேட் சூடேறி கருகுற வாடை வரும். வாடை வந்தா நிறுத்தி 15, 20 நிமிஷம் ஆற விடுங்க. தொடர்ந்து இழுத்தா பிளேட் மெருகேறி வழுக்க ஆரம்பிக்கும். அப்புறம் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் மாத்தணும். டூயல் மாஸ் ஃபிளைவீல், அதாவது அதிர்வைக் குறைக்க ரெண்டு துண்டா செஞ்ச எஞ்சின் சக்கரம், உள்ள வண்டியா இருந்தா செலவு பல மடங்கு.

[திரையில்: ஆட்டோமேட்டிக் கியர் லீவர்.]

டார்க் கன்வர்ட்டர், அதாவது கிளட்ச்சுக்குப் பதிலா ஆயில் வழியா சக்தியைக் கடத்துற அமைப்பு, உள்ள ஆட்டோமேட்டிக்கா இருந்தா இந்தப் பேச்சு மாறிடும். வண்டி கிட்டத்தட்ட நின்ன நிலையில இருந்து எடுக்கும்போது, கன்வர்ட்டர் எஞ்சினோட டார்க்கை ஏறக்குறைய ரெண்டு மடங்கா பெருக்கிக் குடுக்கும்; எஞ்சினையும் 1,800, 2,000 வரைக்கும் சுத்த விடும். டர்போ தூங்குற பிரச்சினையே போயிடும். 1.5 டீசலோட டார்க் கன்வர்ட்டர், கிரெட்டா, செல்டோஸ், சோனெட்ல வர்ற மாதிரி, ஏற்காட்டுக்கு 2.2 மேனுவலைவிட நிம்மதி. பெரிய எஞ்சினுக்குப் போடுற பணத்தை இதுக்குப் போடலாம்ங்கிறது எங்க கருத்து.

ஏஎம்டி அப்படி இல்ல. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை மிஷின் மிதிக்குது. வளைவு நடுவுல தானா மேல கியருக்குப் போயிடும். மேனுவல் மோடுக்கு மாத்திட்டுத்தான் மலை ஏறணும்.

[திரையில்: இறங்குற வண்டிகள். பிரேக் டிஸ்க் நெருக்கமா.]

இறக்கத்துல பெரிய எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதல் பிடி உண்டு, ஆனா அதை நம்பி வாங்காதீங்க. டீசல்ல காத்தை அடைக்கிற திராட்டில் பெட்ரோல் மாதிரி வேலை செய்யாது, அதனால எஞ்சின் பிரேக்கிங் எந்த டீசலுக்குமே சுமார்தான். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை விடாம மிதிச்சுட்டே வராதீங்க. விட்டு விட்டு, அழுத்தமா மிதிங்க. நியூட்ரல்ல உருட்டிட்டு வர்றது டீசலை மிச்சப்படுத்தாது: கியர்ல கால் எடுத்தா இன்ஜெக்டர் டீசலை முழுசா நிறுத்திடும், நியூட்ரல்ல ஐட்லிங்குக்குக் குடிச்சுட்டே இருக்கும். தருமபுரியில இருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய்க்கும் இதே விதி.

[திரையில்: செவ்வாப்பேட்டை, லீ பஜார் நெரிசல்.]

இனி, எஞ்சினையே கெடுக்கிற விஷயம். இப்ப வர்ற, பிஎஸ்6ங்கிற புகை விதிக்கு உட்பட்ட டீசல் கார் எல்லாத்துலயும் புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்ட்டர் இருக்கு. அதுல சேர்ற கரியை 600 டிகிரி கிட்ட சூடாக்கி எரிச்சாத்தான் சுத்தமாகும். அதுக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல 15, 20 நிமிஷம் நிக்காம ஓடணும். அஸ்தம்பட்டியில இருந்து செவ்வாப்பேட்டைக்கும் அஞ்சு ரோட்டுக்கும் தினமும் நாலு கிலோமீட்டர் ஓடுற வண்டியில அது நடக்கவே நடக்காது.

இங்க பெரிய எஞ்சின் இன்னும் மோசம். சூடாகவே நேரம் எடுக்கும். லேசான வேலைக்கு ஓடும்போது எக்ஸாஸ்ட் குளிர்ச்சியா இருக்கும். கரி வேகமா சேரும், எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடுற இஜிஆர் வால்வும் அடைக்கும். டிபிஎஃப்பை எரிக்க இன்ஜெக்டர் கூடுதலா டீசல் தெளிக்கும், பாதியில எஞ்சினை அணைச்சா அந்த டீசல் ஆயில்ல இறங்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் அளவு ஏறினா சந்தோஷப்படாதீங்க, அது டீசல் கலந்த ஆயில்; உடனே மாத்தணும். ஐட்லிங் 1,000 கிட்ட ஏறி, ரேடியேட்டர் ஃபேன் சத்தமா ஓடினா எரிப்பு நடக்குதுன்னு அர்த்தம். அணைக்காம கருப்பூர் வரைக்கும் ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க. வாரத்துல ஒரு தடவையாவது ஹைவேயில ஓட்ட முடியாதவங்க 1.5ஆ 2.2ஆன்னு யோசிக்கவே வேண்டாம், பெட்ரோல் வாங்குங்க.

[திரையில்: ரூபாய்க் கணக்கு.]

பணம். கம்பெனிகள் எல்லாம் 1,493, 1,497 சிசின்னு ஏன் நிறுத்துறாங்க? 1,500தான் கோடு. நீளம் 4 மீட்டருக்குள்ள, டீசல் 1,500 சிசிக்குள்ள, ரெண்டும் சேந்து இருந்தா 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். ஒண்ணு தாண்டினாலும் 40. அதனால தார் 1.5க்கு 18, அதே நீளத் தார் 2.2க்கு 40. கிரெட்டா 1.5தான், ஆனா நீளம் தாண்டிடுச்சு, 40. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 1,000 சிசிக்கு மேல 1,500 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 3,416 ரூபாய். அதுக்கு மேல 7,897. தமிழ்நாட்டு ஆயுள் வரி விலைப்படி போகும்: 5 லட்சத்துல இருந்து 10 வரை 13 சதவீதம், 10ல இருந்து 20 வரை 18, அதுக்கு மேல 20. பெரிய எஞ்சின் எடுத்து விலை 10 லட்சத்தையோ 20 லட்சத்தையோ தாண்டினா வரியும் ஒரு படி ஏறும்.

டீசல் செலவு இதுக்கு முன்னாடி சின்னதுதான். வருஷம் 15,000 கிலோமீட்டர், 1.5 வண்டி லிட்டருக்கு 17 கிலோமீட்டர், 2.2 வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் குடுத்தா, வித்தியாசம் 189 லிட்டர். 93 ரூபாய்னு போட்டா 17,500 சொச்சம்.

அப்ப 2.2 யாருக்கு? மேலயே எஸ்டேட் வெச்சுக்கிட்டு காப்பி மூட்டை, உரம், ஆளுங்கன்னு வாரம் மூணு நாலு தடவை ஏறி இறங்குறவங்களுக்கு. ஏழு பேரையும் ஏத்திட்டு மேல கேரியர்லயும் கட்டிட்டுப் போற குடும்பத்துக்கு. வண்டியே வெறும் எடையில 2 டன்னை நெருங்கினா, ஸ்கார்ப்பியோ என் மாதிரி, அங்க தேர்வுன்னு ஒண்ணு கிடையாது.

[திரையில்: பழைய கார் வரிசை.]

செகண்ட் ஹேண்ட்ல பாக்குறவங்களுக்கு: 2015 முதல் 2020 வரை வந்த கிரெட்டாவுல 1.4 டீசல், 90 குதிரைத்திறன், 220 நியூட்டன் மீட்டர், 1.6 டீசல், 128, 260. விலை வித்தியாசம் கையைக் கடிக்கலன்னா 1.6. எஸ்-கிராஸ்ல 1.3க்கும் 1.6க்கும் 200, 320ன்னு பெரிய இடைவெளி, ஓட்ட 1.6 அருமை. ஆனா 2017லயே அதை நிறுத்திட்டாங்க, அந்த எஞ்சின் இங்க குறைவாத்தான் ஓடுது, பார்ட்ஸுக்கு அலையணும். 1.3 எஞ்சினை ஸ்விஃப்ட்ல இருந்து விஸ்டா வரைக்கும் போட்டதால எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிட்டுப் பிரிப்பார்.

எந்த வண்டியா இருந்தாலும் டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசல்ல ஒரு ரவுண்டு அடிச்சு முடிக்காதீங்க. கோரிமேடு தாண்டி அடிவாரம் போங்க, நாலு பேரை ஏத்திக்கோங்க. முதல் மூணு வளைவு ஏறினா போதும். பின்னாடி வண்டி வராத இடத்துல, ரெண்டாவது கியர்ல 1,000 ஆர்பிஎம்முக்கு இறக்கி, கிளட்ச்சைத் தொடாம ஆக்ஸிலேட்டரை மெதுவா மிதிங்க. அதிர்வு வந்தா உடனே முதல் கியருக்கு மாத்திடுங்க, விடை கிடைச்சாச்சு. பழைய வண்டின்னா இன்னொரு சோதனை: மூணாவது கியர், 1,500 ஆர்பிஎம், ஏற்றத்துல முழுசா மிதிங்க. ஆர்பிஎம் முள் சட்டுனு ஏறி வண்டி வேகம் ஏறலன்னா கிளட்ச் போச்சு, அந்தச் செலவை விலையில கழிச்சுக் கேளுங்க. நிறுத்தினதும் ஐட்லிங்ல ஒரு நிமிஷம் விட்டுட்டு அணைங்க, டர்போ பேரிங்குக்கு ஆயில் ஓடி ஆறணும். அந்த ஒரு நிமிஷத்துல பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைக் கழட்டிப் பாருங்க: லேசா ஆவி வந்தா சரி, புகை விசையா அடிச்சா பிஸ்டன் ரிங் தேஞ்ச எஞ்சின். சிசி எதுவா இருந்தாலும் அதை விட்டுடுங்க.