நாலு கை மாறி வந்த கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

1915 மே மாதம். பிரான்ஸ் போர்முனையிலிருந்து இந்தியப் படை ஹவில்தார் ஒருவர், இந்தியாவில் இருக்கும் இன்னொரு சிப்பாய்க்குக் கடிதம் எழுதுகிறார். கடவுள் பெயரால் சொல்கிறேன், வராதே, வராதே, இந்தப் போருக்கு வராதே என்கிறார். என் கூடப் பிறந்தவனிடமும் படையில் சேர வேண்டாம் என்று சொல் என்கிறார். குண்டுகள் இரவு பகலாகச் சாவன் மாத மழை மாதிரி கொட்டுகின்றனவாம். நம் கணக்கில் அது ஆடி, ஆவணி. இதுவரை தப்பியவர்கள், பானையில் வேகாமல் மிஞ்சிய சில மணிகள் போலத்தானாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் வெந்த சோற்றைத்தான் தொட்டுப் பார்ப்போம். அவர் வேகாததை எண்ணியிருக்கிறார். முதல் உலகப்போரைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். இந்த ஒரு வரி போல எதுவும் என்னை உலுக்கியதில்லை.

1914 செப்டம்பர் கடைசியில் இந்தியத் துருப்புகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. அக்டோபர் முடிவதற்குள் பதுங்குகுழிக்குப் போய்விட்டார்கள். வெயில் நாட்டுக்குத் தைத்த மெல்லிய காக்கிச் சட்டையோடு ஐரோப்பாவின் குளிருக்குள் போனவர்கள் பலர். காலாட்படை 1915 இறுதிவரை அங்கே இருந்தது. குதிரைப்படை 1918 வரை தங்கியது.

அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து சொல்வார்கள், அவர் எழுதுவார். உருது, இந்தி, குர்முகி என்று எழுத்து மாறும். எழுதி முடித்ததும் படைப்பிரிவு அதிகாரி பார்ப்பார். அடுத்து, இந்தியத் தபால்களைத் தணிக்கை செய்யவென்றே பிரான்ஸில் ஓர் அலுவலகம் வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வெள்ளையர் ஆட்சிக்கு எதிராகப் புரட்சிக்கு முயன்ற கதர் (Ghadar) கட்சியின் எழுத்துகள் சிப்பாய்களுக்கு எட்டிவிடுமோ என்ற பயம் அரசுக்கு. அங்கே கடிதங்களைப் பிரித்துப் படித்து, சிலவற்றிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்துக்கொண்டு, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். சில கடிதங்கள் அங்கேயே நின்றுபோயின. மற்றவை கப்பலேறி ஊருக்கு வந்தால், அங்கேயும் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாத்தியாரோ படித்த பையனோ உரக்கப் படிக்க வேண்டும். மகன் வாயிலிருந்து தாய் காதுக்கு வருவதற்குள் நாலு கை.

தன் கடிதத்தை யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தும் ஒருவன் எப்படி மனதைத் திறப்பான்? அவர்கள் மிளகாயையும் மிளகையும் வைத்துப் பேசினார்கள். கருமிளகு தீர்ந்துவிட்டது, இனிச் சிவப்பு மிளகாயைத்தான் பயன்படுத்துவார்கள் என்று ஒரு கடிதம் போகும். சமையல் விஷயம் போலத் தெரியும். கருமிளகு இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் வெள்ளைக்காரச் சிப்பாய். எங்கள் ஆட்கள் தீர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் சேதி. தணிக்கை அலுவலகத்துக்கும் இது புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் எடுத்து வைத்தார்கள், இன்று நமக்கும் கிடைக்கிறது.

ஊருக்கு வந்துசேர்ந்த காகிதங்களில் பெரும்பாலானவை கரையானுக்கும் மழைக்கும் போய்விட்டன. உளவு பார்ப்பதற்காகச் செய்துவைத்த ஆங்கிலப் பெயர்ப்புகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்தச் சிப்பாய்கள் பேசிய சொல் போய், வேறு மொழியில் அதன் நிழல் மட்டும் இருக்கிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

சாவைப் பற்றி மட்டுமே அவர்கள் எழுதவில்லை. பயிர், கடன், கல்யாணம், நிலத் தகராறு எல்லாம் வருகின்றன. ஒருவர் தான் மூன்று மாதம் தங்கியிருந்த வீட்டுப் பிரெஞ்சு மூதாட்டியைப் பற்றி எழுதுகிறார். அந்த அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். ஒருவன் போரில் இறந்துவிட்டான், ஒருவன் காயத்தோடு ஆஸ்பத்திரியில், மூன்றாமவன் பதுங்குகுழியில். அந்த அம்மா ஒரு நாளும் சும்மா உட்கார்ந்து இவர் பார்க்கவில்லையாம். இவர் துணியைத் துவைத்து, படுக்கையைத் தட்டிப் போட்டு, காலையில் ரொட்டியும் வெண்ணெயும் பாலும் காபியும் தட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். படை கிளம்பும் நாளில் இவர் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறார். வழிச்செலவுக்கு ஐந்து பிராங்க் நோட்டையும் கையில் திணித்திருக்கிறார். இப்படிப்பட்ட பெண்களைப் பார்த்த சிலர், நம் வீட்டுப் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று போர்முனையிலிருந்தே எழுதியிருக்கிறார்கள்.

நவ் ஷாப்பெல் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில் இவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1927-இல் திறந்தார்கள். கல்லறை இல்லாமல் போன 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன.

அந்த நாலாவது கையாக நானும் இருந்திருக்கிறேன். அதனால்தான் இதையெல்லாம் இவ்வளவு ஆசையாகப் பேசுகிறேன். எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். தெருவுக்கு நாலு வீட்டில் பட்டாளத்துக்காரர் இருப்பார். 1971-இல் நான் ஆறாவது படித்தேன். எதிர்வீட்டு அத்தையின் மகன் பாகிஸ்தானுடனான போரில் கிழக்கு முனையில் இருந்தார். இன்லேண்ட் லெட்டர் வரும். அனுப்பியவர் முகவரியில் ஊர் இருக்காது, படை எண்ணும் 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண்ணும்தான். மற்ற வீட்டுக் காகிதங்களைக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவார்கள். அத்தையோ தன் மகனுடைய கடிதத்தில் கம்பி பட விடமாட்டார், டிரங்குப் பெட்டிக்குள் புடவை மடிப்பில் வைப்பார்.

டிசம்பர் 16-ஆம் தேதி டாக்கா விழுந்த சேதியை ரேடியோவில் கேட்டோம். தெருவே கூத்தாடியது. நாலைந்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. "படிப்பா ராசா" என்றார் அத்தை. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, மாடு கன்று போட்டதா என்று கேட்டு, நடுவில் ஒரு வரி: பக்கத்துக் குழியில் இருந்த திருநெல்வேலிக்காரப் பையன் நேற்றுப் போய்விட்டான். நான் அந்த வரியைத் தாண்டிப் படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார், மறுபடி தாண்டினேன். மூன்றாம் தரம் காகிதத்தின் மேல் கையை வைத்து, "இந்த இடத்துல மட்டும் உன் குரல் தாவுதேப்பா" என்றார். அத்தைக்கு ஓர் எழுத்தும் தெரியாது. படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தேதி என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

டிசம்பர் 9.

அந்தக் கேள்வி என்னவென்று எனக்கு அன்று ராத்திரிதான் விளங்கியது. 9-ஆம் தேதி அவர் உயிரோடு இருந்தார் என்பதற்கு மட்டும்தான் அந்தக் காகிதம் சாட்சி. சண்டை 16 வரை நடந்திருக்கிறது.

பொங்கல் கழிந்து அடுத்த கடிதம் வந்தது. தபால்காரர் கையிலிருந்து நானே வாங்கிக்கொண்டு ஓடினேன். வாசலிலேயே பிரித்து, வேறு எதையும் பார்க்காமல் தேதியைத்தான் முதலில் சத்தமாகப் படித்தேன். "ஜனவரி 2, அத்தை."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். "மீதியைச் சாயங்காலம் படிச்சுக்கலாம்பா. நீ சாப்பிட்டியா?" என்றார்.