நின்றுபோன கட்டுரைகள் சொன்ன சேதி

அவையோருக்கு வணக்கம்.

நாடுகள் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சி, வரவிருக்கும் தொழில்நுட்பத்தை முன்கூட்டியே கணிப்பது, இவற்றோடு தேசப் பாதுகாப்பு. எனக்குத் தந்த தலைப்பு நீளமானது. அதனால் ஒரு நூலகத்தில் தொடங்குகிறேன்.

1942ஆம் ஆண்டின் தொடக்கம். வொரோனெழ் நகரப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் ஓர் இளம் சோவியத் விமானப்படை லெப்டினன்ட் நுழைகிறார். பெயர் கியோர்கி ஃபிளெரோவ். சீருடைக்குள் இருந்தவர் அணு இயற்பியலாளர். 1940இல் அவரும் சக ஆய்வாளர் பெட்ர்ஷாக்கும் யுரேனியம் தானாகவே பிளவுபடுவதைக் கண்டுபிடித்து, அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் சிறு குறிப்பாக வெளியிட்டிருந்தார்கள். அதற்கு யாராவது மறுமொழி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க ஆசை. இதழ்களைப் புரட்டுகிறார். ஒருவரும் எழுதவில்லை. மனம் சுருக்கென்றிருக்கும். பிறகு தன் கட்டுரையை மறந்துவிட்டு மற்றவர்களைத் தேடுகிறார். அணுக்கருப் பிளவில் பெயர்பெற்றவர்கள் யாருமே அதைப்பற்றி எழுதக் காணோம். ஒருவர் எழுதாவிட்டால் சோம்பல் எனலாம். எல்லோரும் ஒரே சமயத்தில் பேனாவை மூடிவைத்தால்? அமெரிக்காவில் அணுகுண்டு வேலை தொடங்கிவிட்டது என்று ஊகித்தார். ஏப்ரலில் ஸ்டாலினுக்கே கடிதம் போட்டார்.

தொழில்நுட்ப முன்கணிப்பின் வரலாற்றில் இதைவிடச் சிக்கனமான கணிப்பு எனக்குத் தெரியாது. உளவாளி இல்லை, ஒட்டுக்கேட்கும் கருவி இல்லை. அந்தத் துறைக்காரர்கள் வழக்கமாக எவ்வளவு பேசுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். வெளிநாட்டு இதழில் தானும் எழுதி, அவர்கள் எழுதியதைப் படித்து வந்தவருக்கே அந்த மௌனம் கேட்கும்.

அப்படியானால் ரகசியம் காத்தது வீணா என்று கேட்பீர்கள். வீணில்லை. அமெரிக்காவிலிருந்த இயற்பியலாளர் லியோ சிலார்ட் வற்புறுத்தியதால், அணு உலைக்குள் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க உதவும் கிராஃபைட்டைப் பற்றி அவருடைய சகா ஃபெர்மி எடுத்த அளவீடுகள் 1940இல் அச்சேறவில்லை. ஜெர்மனியில் வால்தர் போதே என்ற இயற்பியலாளர் மாசு கலந்த கிராஃபைட்டை அளந்துவிட்டு, அது அணு உலைக்கு உதவாது என்று முடிவுகட்டினார். ஜெர்மானியர்கள் அதே வேலையைச் செய்யும் கனநீரின் பின்னால் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, ஒரே பூட்டு ஒருவரை வழிதவறச் செய்தது. இன்னொருவருக்கு வழியே காட்டிக்கொடுத்தது. பாதுகாப்பு அதிகாரிகள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பது என் குறை.

இன்னொரு கதை, இது எதிர்த்திசையில் போகிறது. 1962இல் மாஸ்கோவில் பியோத்தர் உஃபிம்த்சேவ், மின்காந்த அலைகள் பொருளின் விளிம்புகளில் பட்டுச் சிதறுவதைக் கணக்கிடும் முறை ஒன்றை வெளியிட்டார். கொல்லைப்புறத்துப் பச்சிலைக்கு மதிப்பில்லை என்பார்களே, அதுதான் நடந்தது. ராணுவத்துக்கு இதில் ஒன்றுமில்லை என்று அவருடைய நாட்டிலேயே விட்டுவிட்டார்கள். அமெரிக்க விமானப்படை 1971இல் அதை மொழிபெயர்த்தது. சில ஆண்டுகள் கழித்து லாக்ஹீட் விமான நிறுவனத்தின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அந்தச் சமன்பாடுகளுக்குள், ராடாரில் அகப்படாத விமானத்தின் வடிவத்தையே கண்டார். அப்படிப் பிறந்த எஃப்-117 விமானம் முதன்முதலாகப் பறந்தது 1981இல். அது தட்டைத் தட்டையான முகங்களோடு இருந்ததற்கு அன்றைய கணினிகளின் திறன்தான் காரணம். வளைவுகளைக் கணக்கிட அவற்றால் முடியவில்லை.

திருட்டு என்று இதைச் சொல்ல முடியாது. பொதுவில் அச்சிட்டதைத்தான் படித்தார்கள். ஒரு தாளில் என்ன கிடக்கிறது என்று கண்டுகொள்ள, அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. 1940இல் பிரிட்டனின் பர்மிங்ஹாமில் இருந்த இயற்பியலாளர்கள் ஓட்டோ ஃபிரிஷும் ருடால்ஃப் பையர்ல்ஸும் ஜெர்மன் பேசும் அகதிகள். ராடார் வேலை பரம ரகசியம், அதில் இவர்களைச் சேர்க்கவில்லை. கை சும்மா இருந்தது. அணுகுண்டுக்குப் பல டன் யுரேனியம் வேண்டும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235ஐத் தனியே பிரித்தெடுத்தால் சில கிலோவுக்குள்ளேயே போதும் என்று மார்ச் மாதத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். நம்பத் தகாதவர்கள் என்று ஒதுக்கிவைத்த இருவர் கையிலிருந்து அந்தப் போரின் மிகப் பெரிய ரகசியம் வந்தது!

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. 1945இல் அமெரிக்க விமானப்படையின் எதிர்காலத்தைக் கணிக்கும் குழுவுக்கு ஹங்கேரியில் பிறந்த தியடோர் வான் கார்மான் தலைவர். அவருக்குத் துணையாக, போரில் தோற்ற ஜெர்மனிக்குப் போய் ராக்கெட் நிபுணர்களை விசாரித்தவர்களில் ஒருவர் சீனரான சியன் சுவேசென். ஐந்தே ஆண்டில் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் அவருடைய பாதுகாப்பு அனுமதியைப் பறித்தார்கள். ஐந்து ஆண்டுகள் கண்காணிப்பில் வைத்திருந்து 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். சீன ஏவுகணைத் திட்டம் அவர் கையில் எழுந்தது. அந்த முன்கணிப்புக் குழு எதையெல்லாமோ கணித்தது. தன் உறுப்பினர் ஒருவருக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் கணிக்கவில்லை.

முறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிபுணர்களின் கருத்தைத் தனித்தனியே, பெயர் மறைத்து, சுற்றுச் சுற்றாகக் கேட்கும் டெல்ஃபி முறையை ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1950களில் உருவாக்கியது. பெரிய பெயருக்கு மற்றவர்கள் தலையாட்டிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்தக் கவலை நியாயம்தான்: அணுவிலிருந்து ஆற்றல் எடுக்கலாம் என்பது வெறும் பிதற்றல் என்று 1933இல் சொன்னவர், அணுக்கருவைக் கண்டுபிடித்த ரூதர்ஃபோர்டு! 2011இல் அமெரிக்க உளவுத்துறையின் ஆராய்ச்சிப் பிரிவான ஐயார்ப்பா, ஆய்வுக் கட்டுரைகளையும் காப்புரிமைகளையும் கணினியைக் கொண்டு படித்து, தலையெடுக்கும் துறைகளைக் கண்டுபிடிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆங்கிலத்தோடு சீன மொழியையும் சேர்த்துக்கொண்டது புத்திசாலித்தனம். ஆனால் ஒரு கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டும் எண்ணிக்கை ஏறுவது தெரியும்போது, உள்ளே இருப்பவர்களுக்கு அது பழைய செய்தியாகியிருக்கும். இப்படிப்பட்ட எந்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு கேள்விதான்: ஃபிளெரோவ் கவனித்ததை அது கவனிக்குமா?

எதைப் பூட்டுவது என்பதற்கு 1985இல் ரீகன் அரசு ஒரு தெளிவான விடை சொன்னது. அடிப்படை ஆராய்ச்சி திறந்தே இருக்கட்டும். மறைத்தே ஆகவேண்டுமென்றால் முறைப்படி ரகசியம் என்று முத்திரை குத்துங்கள். நடுவில் மங்கலான இடம் வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். பனிப்போர் நடக்கும்போதே அப்படிச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்று பல நாடுகளில் அந்த மங்கலான இடம்தான் பெருத்துக்கொண்டு போகிறது. கூட்டுக் கட்டுரை எழுதலாமா, மாநாட்டுக்குப் போகலாமா என்று இளம் ஆய்வாளர் தயங்குகிறார். தடை என்று எந்தத் தாளிலும் இல்லை, ஆனாலும் பயம்.

நாடுகள் பகையாக இருக்கும்போது சேர்ந்து ஆராய்வது சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு 1969ஐச் சொல்வேன். அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்க முயலும் டோக்கமாக் என்ற கருவியில் கோடி டிகிரியை எட்டும் வெப்பம் கிடைத்ததாக முந்திய ஆண்டு சோவியத் விஞ்ஞானிகள் அறிவித்தபோது மேற்கில் பலர் நம்பவில்லை. அவர்களின் தலைவர் லெவ் அர்ட்சிமோவிச், ‘நீங்களே வந்து அளந்து பாருங்கள்’ என்ற முறையில் பிரிட்டனின் கல்ஹம் ஆய்வகத்தை அழைத்தார். லேசர் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு குழு மாஸ்கோவுக்குப் போனது. செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகில் சோவியத் டாங்கிகள் நுழைந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அளந்தார்கள், சோவியத் கணக்கு சரியாக இருந்தது. முடிவை அந்த நவம்பரில் அச்சிட்டார்கள். அதற்குள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் அதே நோக்கத்துக்கான தங்கள் ஸ்டெல்லரேட்டர் கருவியை டோக்கமாக்காக மாற்றும் வேலையில் இறங்கிவிட்டார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.