மொட்டைக் கிளையில் 11 துளிர்!

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குத் தேத்தண்ணி கூடப் போடவில்லை, நேராகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்துவிட்டேன். இங்கே பாருங்கள். இருங்கள், ஃபோகஸ் ஆகட்டும். நம் போன்சாய், அதாவது சட்டியில் வளர்க்கும் குட்டி மரத்தின் இடது பக்கத்துக் கீழ்க்கிளை. தீபாவளி வீடியோவுக்குக் கீழே “இது செத்துப்போச்சு, வெட்டி எறி” என்று பாதிப் பேர் எழுதினீர்களே, அதே கிளைதான். 11 துளிர் விட்டிருக்கிறது! காலையில் ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். அதுவும் நுனியில் இல்லை, பழைய மரப்பட்டையைப் பிளந்துகொண்டு வந்திருக்கின்றன.

நம் மரம், அதான் ஃபுக்கியென் டீ, நர்சரியிலிருந்து வந்தபோது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அடர்ந்த புதர். வீட்டுக்குள் வந்து நாலே மாதத்தில் உள்பக்கம் முழுக்க வெறும் குச்சி, நுனியில் மட்டும் நாலு இலை. நான் உரம் போதவில்லை என்று முடிவு கட்டினேன். அம்மா வெங்காயத்தோல் ஊறவைத்த தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். அதையும் ஊற்றினேன். நீளமாக, வெளிறிப்போய் ரெண்டு கொம்பு கிளம்பியதுதான் மிச்சம்.

உண்மையில் குறை இருந்தது வெளிச்சத்தில்தான். நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. அறை பளிச்சென்று இருப்பதாகத்தான் நமக்குத் தோன்றும். கைப்பேசியில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் செயலி போட்டுப் பார்த்தேன். மரம் இருந்த டிவி மேசை மேல் 280. ஜன்னல் ஓரத்தில் 2,600. வெளியே நடுப்பகல் வெயிலோ ஒரு லட்சத்தைத் தொடும். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீடு 4வது மாடி, எதிர் பிளாக் வானத்தில் பாதியை மறைத்துவிடும். தாழ்வாரத்தில் வைக்கலாம்தான், ஆனால் அங்கே ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். எங்கள் தாழ்வாரத்தில் அதற்குப் பிறகு ஒரு செருப்பு வைக்கத்தான் இடம் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே சட்டி வைப்பதைப் பற்றி யாரும் பேசவே கூடாது. கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

அதனால் செடி வளர்க்கும் விளக்கு வாங்கினேன். 46 வெள்ளி! அதற்கு முன்னால் 19 வெள்ளிக்கு ஒரு ஊதா விளக்கு வாங்கியிருந்தேன். எனக்கு அந்த ஊதா நிறம் அறவே பிடிக்காது. இலை மஞ்சளா பச்சையா என்றே தெரியாது, வீடு முழுக்க ஏதோ கரோக்கே கடை மாதிரி ஆகிவிடும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெள்ளை எல்இடி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கிளிப் சரியாக 4 சென்டிமீட்டர்தான் திறக்கிறது! எங்கள் ஜன்னல் திண்டு 6 சென்டிமீட்டர். 46 வெள்ளி கொடுத்த பொருளுக்கு இதைக்கூட யோசிக்க மாட்டார்களா? டேப் ஒட்டினேன், ராத்திரி விழுந்தது. கம்பியால் கட்டினேன், ஒரு பக்கமாகத் தொங்கியது. மூன்றாம் நாள் புத்தக அலமாரியின் பலகையை ஒரு தட்டு கீழே இறக்கி அதில் கிளிப்பை மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது! அந்த ஒரு ‘க்ளிக்’ சத்தம், அப்பாடா.

இப்போது விளக்கு மரத்தின் உச்சியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. அங்கே 9,000 லக்ஸ் வருகிறது. ரெண்டு சாண் தூக்கினால் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது, அதனால் தூரத்தில் அலட்சியம் வேண்டாம். டைமர் போட்டு 12 மணி நேரம். 24 வாட் விளக்கு, மாதத்துக்கு 9 யூனிட் கூட வராது. அப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன், மூன்று வெள்ளிக்குள்தான்.

அப்புறம் கத்தரிக்கோல். வெளிச்சம் வந்த பிறகுதான், அதற்கு முன்னால் வெட்டாதீர்கள். இருக்கிற நாலு இலையையும் வெட்டிவிட்டால் மரம் எதை வைத்துச் சமைக்கும்? கிளையின் நுனி ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பிப் பக்க மொட்டுகளைத் தூங்கவைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்தப் பிடி தளர்ந்து மொட்டுகள் விழிக்கின்றன. ஒரு கொம்பில் 6, 7 இலை வரும்வரை விட்டு, பிறகு 2 இலை வைத்து வெட்டுகிறேன். கடைசியாக விடுகிற இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் புதுக்கிளை போகும். மேல் கிளைகளை அடிக்கடி வெட்டினேன், கீழ்க்கிளையைத் தொடவே இல்லை. மேலே இருப்பவைதான் எல்லாச் சத்தையும் இழுத்துக்கொள்கின்றன, கீழே இருப்பது பாவம்.

ஐயோ, கூழாங்கல் தட்டைச் சொல்லவே மறந்துவிட்டேன்! ஏர்கான் காற்று இலையைக் காயவைக்கிறது என்று போன வீடியோவில் தட்டில் கல் போட்டுத் தண்ணீர் விட்டேனே, அதை எடுத்துவிட்டேன். தேங்கிய தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், நம் ஊரில் அதில் விளையாடவே கூடாது. மரத்தை ஏர்கானுக்கு எதிர்த்திசைக்கு மாற்றினேன், அதுவே போதுமாக இருந்தது. தண்ணீர் ஊற்றியதும் சட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சீனத் தோட்டத்துக்குப் போய் அங்கே இருக்கும் போன்சாய்களைப் பார்த்தேன். சீனாவின் சூச்சோ நகரப் பாணியில் 1992இல் திறந்த பகுதி அது. எல்லா மரமும் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன, என்ன அடர்த்தி! அம்மா ஒரு சட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்கள். “இது குரங்கு வெற்றிலைடி, எங்க ஊர்க் காட்டில் புதர் புதரா கிடக்கும்” என்றார்கள். அதுவும் நம் ஃபுக்கியென் டீயும் ஒரே செடிதான். அம்மா ஊர் புதுக்கோட்டை வெயிலில் வளரும் செடியை நான் டிவி மேசையில் வைத்திருந்தேன்.

சரி, வலது பக்கக் கொம்பில் இன்றைக்கு 7வது இலை விரிந்துவிட்டது. உங்களோடு சேர்ந்து வெட்டலாம் என்று காத்திருந்தேன். ரெண்டு இலை, ரெண்டாவது வெளிப்பக்கம் பார்க்கிறது. அதற்கு ஒரு நூல் மேலே. இதோ... டக்.